குடவோலை முதல் தோஹா குலுக்கல் வரை: கூடைப்பந்து உலகக் கோப்பைக்கு இந்தியா போக எத்தனை படிக்கட்டு?

கூடைப்பந்து உலகக் கோப்பையில் இந்தியா இதுவரை ஒருமுறைகூட ஆடியதில்லை. இந்த முறை அந்தக் கதவின் முதல் படியில் கால் வைத்திருக்கிறது. 2027-ல் கத்தாரில் நடக்கவிருக்கும் உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச்சுற்று 2025 நவம்பர் 27 அன்று தொடங்கியது. களத்தில் இருக்கும் 16 அணிகளில் இந்தியாவும் ஒன்று.

‘தகுதிச்சுற்று’ என்ற வார்த்தையைக் கேட்டதும் கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு கணக்கு மனதில் ஓடும். தரவரிசையில் மேலே இருந்தால் உள்ளே, இல்லையென்றால் ஒரு குட்டித் தொடர் ஆடி உள்ளே. கூடைப்பந்தில் அப்படியில்லை. மூன்று ஆண்டுகளுக்கு நீளும் மேட்ச்கள், குலுக்கல், பாஸ்போர்ட் விதி, தோற்றாலும் கிடைக்கும் ஒரு புள்ளி என்று இது தனி உலகம். அந்தப் பாதையில் ஒரு முக்கியமான திருப்பம் சென்னையில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில், ஃபிஃபா இல்லை... ஃபிபா!

கால்பந்துக்கு ஃபிஃபா போல, கூடைப்பந்துக்கு ஃபிபா. 1932-ல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட சர்வதேசக் கூட்டமைப்பு. உலகக் கோப்பை, ஆசியக் கோப்பை, ஒலிம்பிக் தகுதிச்சுற்று என நாடுகள் மோதும் எல்லாத் தொடர்களுக்கும் விதி எழுதுவது இதுதான். அமெரிக்காவின் என்பிஏ வேறு. அது தனியார் கிளப்களின் லீக். லெப்ரான் ஜேம்ஸ் லேக்கர்ஸுக்கு ஆடுவது என்பிஏ. அமெரிக்காவுக்கு ஆடுவது ஃபிபா விதிகளின் கீழ்.

ஃபிபாவில் ஆசியாவும் ஓஷியானியாவும் தகுதிச்சுற்றுகளுக்கு ஒரே மண்டலம். அதனால்தான் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2017 முதல் ஆசியக் கோப்பையில் ஆடுகின்றன. வந்த முதல் வருடமே ஆஸ்திரேலியா கோப்பையைத் தூக்கியது. 2022-லும் 2025-லும் மீண்டும் அதுவே சாம்பியன். ஆசிய அணிகளுக்குப் போட்டி எவ்வளவு கடினமாகிவிட்டது என்பதற்கு இந்த ஒரு தகவல் போதும்.

இரண்டு தொடர், ஒரே ஏணி

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஆசியக் கோப்பைக்கு ஒரு தகுதிச்சுற்று, உலகக் கோப்பைக்கு ஒரு தகுதிச்சுற்று. இரண்டும் தனித்தனி. ஆனால் ஒன்றின் மேல்படி இன்னொன்றின் கீழ்ப்படி.

சிம்பிளாகச் சொன்னால், ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் 16 அணிகள்தான் உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச்சுற்றில் ஆட முடியும். ஆசியக் கோப்பையைத் தவறவிட்டால் உலகக் கோப்பைக் கனவும் அடுத்த நான்கு ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகும். எனவே ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் தோற்பது என்பது ஒரே நேரத்தில் இரண்டு பஸ்ஸை விடுவது மாதிரி.

2025 ஆசியக் கோப்பைக்கான கணக்கு இதுதான்:

- மொத்தம் 24 அணிகள். 6 குரூப், ஒவ்வொன்றிலும் 4 அணிகள்.
- குரூப்பில் உள்ள மற்ற மூன்று அணிகளோடும் சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று. ஆக ஒரு அணிக்கு 6 மேட்ச்.
- ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் நேரடியாகத் தகுதி. இதில் 12 இடம் நிரம்பிவிடும்.
- மூன்றாம் இடம் பிடிக்கும் 6 அணிகளுக்குக் கடைசி வாய்ப்பு. மூன்று மூன்றாகப் பிரித்து ஒரு மினி தொடர். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகள் உள்ளே. மீதி 4 இடமும் நிரம்பியது.
- நான்காம் இடம் என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இந்தியா இருந்த குரூப்பில் ஈரான், கத்தார், கஜகஸ்தான். ஆசியக் கூடைப்பந்தில் பழைய வல்லரசு ஈரான். கத்தாருக்குப் பணபலமும் வசதிகளும் அதிகம். இந்தியாவின் உண்மையான போட்டி கஜகஸ்தானோடுதான். நான்காம் இடத்தைத் தவிர்ப்பதுதான் முதல் வேலை.

‘விண்டோ’ என்றால் என்ன?

கூடைப்பந்துத் தகுதிச்சுற்று ஒரே ஊரில் பத்து நாளில் நடந்து முடிவதில்லை. நவம்பரில் ஒரு வாரம், பிப்ரவரியில் ஒரு வாரம், சில சமயம் ஜூலையில் ஒரு வாரம் என்று பிரித்து வைப்பார்கள். அந்த வாரத்துக்குப் பெயர்தான் ‘விண்டோ’. பெரும்பாலும் ஒரு விண்டோவில் ஒரு அணிக்கு இரண்டு மேட்ச். 2017 நவம்பரில் இந்த முறை தொடங்கியது.

நோக்கம் நல்லது. ரசிகர்கள் தங்கள் நாட்டு அணியைச் சொந்த ஊரிலேயே பார்க்கலாம். ஆனால் ஒரு சிக்கலும் உண்டு. நவம்பரிலும் பிப்ரவரியிலும் என்பிஏ, யூரோலீக் சீசன்கள் நடந்துகொண்டிருக்கும். அங்கே ஆடும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் விண்டோ மேட்ச்களுக்கு வருவதில்லை. பெரிய அணிகள்கூட இரண்டாம் வரிசை வீரர்களோடு தகுதிச்சுற்றை ஆடுவது சகஜம்.

இந்தியாவுக்குச் சிக்கல் வேறு மாதிரி. வெளிநாட்டு லீக்கில் ஆடும் வீரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். பெரும்பாலானவர்கள் ரயில்வே, வங்கி, ராணுவம், அரசுத் துறை அணிகளில் வேலையோடு சேர்த்து ஆடுபவர்கள். ஐஎன்பிஎல் போன்ற லீக்குகள் சமீபத்தில்தான் வந்தன. ஜப்பானில், பிலிப்பைன்ஸில், லெபனானில் இருப்பது போல வருடம் முழுக்க நடக்கும் பெரிய தொழில்முறை லீக் இங்கே இல்லை. ஆக, முகாமில் சில வாரங்கள் சேர்ந்து பயிற்சி எடுத்து, விண்டோவில் இரண்டு மேட்ச் ஆடி, மறுபடி அவரவர் வேலைக்குத் திரும்புவதுதான் நடைமுறை.

சென்னையில் அந்த 4 நாட்கள்

2024 நவம்பர் விண்டோவில் இந்தியாவின் இரண்டு மேட்ச்களும் சென்னையில். இடம், பெரியமேடு ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டு அரங்கம்.

நவம்பர் 22: கத்தாரோடு முதல் மேட்ச். 53-69 என்று இந்தியா தோற்றது.

நவம்பர் 25: கஜகஸ்தானோடு இரண்டாவது மேட்ச். இதிலும் தோற்றால் நான்காம் இடத்தை நோக்கிச் சரிய வேண்டியதுதான். ஆனால் 88-69 என்று இந்தியா வென்றது. 19 புள்ளி வித்தியாசம்.

அந்த 19 ஏன் முக்கியம்? அதைப் புரிந்துகொள்ள, கூடைப்பந்தின் பாயின்ட்ஸ் டேபிள் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தோற்றாலும் 1 புள்ளி... அதெப்படி?

கூடைப்பந்தில் டிரா கிடையாது. ஸ்கோர் சமமாக இருந்தால் 5 நிமிட ஓவர்டைம். மறுபடி சமம் என்றால் மறுபடி 5 நிமிடம். யாராவது ஒருவர் ஜெயிக்கும்வரை ஆட்டம் ஓடும்.

ஃபிபா குரூப் மேட்ச்களில் வென்றால் 2 புள்ளி, தோற்றால் 1 புள்ளி. மேட்சுக்கே வராமல் விட்டுக்கொடுத்தால் 0. அதாவது அந்த 1 புள்ளி, களத்துக்கு வந்து ஆடியதற்கான கூலி.

இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால்? மொத்தமாக யார் அதிக ஸ்கோர் எடுத்தார்கள் என்று முதலில் பார்ப்பதில்லை. அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய மேட்ச்களில் யார் மேலே என்றுதான் முதல் கணக்கு. ஆளுக்கு ஒரு வெற்றி என்றால், அந்த இரண்டு மேட்ச்களின் ஸ்கோர் வித்தியாசத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள்.

உதாரணத்துக்கு, ‘அ’ அணி வெளியூரில் ‘ஆ’ அணியிடம் 5 புள்ளியில் தோற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊரில் அதே அணியை 4 புள்ளியில் ஜெயித்தால், கூட்டிக் கழித்துப் பார்க்கையில் ‘ஆ’தான் மேலே. ஆனால் சொந்த ஊரில் 19 புள்ளியில் ஜெயித்தால், 14 புள்ளி முன்னிலையோடு ‘அ’ மேலே போய்விடும். மேட்ச் ஏற்கெனவே ஜெயித்தாகிவிட்டது என்று தெரிந்த பிறகும் கடைசி நிமிடத்தில் வீரர்கள் உயிரைக் கொடுத்து ஓடுவது இதனால்தான். கடைசி விசில் வரைக்கும் ஒவ்வொரு கூடைக்கும் விலை உண்டு.

இறுதியில் இந்தியா தன் குரூப்பில் மூன்றாம் இடம் பிடித்தது. கஜகஸ்தான் நான்காம் இடத்தோடு வெளியேறியது.

மனாமா: கடைசி பஸ்

மூன்றாம் இடம் பிடித்த அணிகளுக்கான மினி தொடரில் இந்தியாவோடு சேர்ந்தவை இராக்கும் பஹ்ரைனும். இடம் பஹ்ரைன் தலைநகர் மனாமா. 2025 மார்ச். மூன்றில் இரண்டு அணிகளுக்கு டிக்கெட்.

சொந்த மண்ணில், சொந்த ரசிகர்களுக்கு முன்னால் ஆடிய பஹ்ரைனை இந்தியா வீழ்த்தியது. இந்தியாவும் இராக்கும் உள்ளே, பஹ்ரைன் வெளியே. ஆசியக் கோப்பை உறுதி. அதோடு, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றும் உறுதி.

ஜித்தாவில் என்ன ஆச்சு?

2025 ஆகஸ்ட் 5 முதல் 17 வரை சவுதி அரேபியாவின் ஜித்தாவில் ஆசியக் கோப்பை. இந்தியா இருந்த குரூப்பில் சீனா, ஜோர்டான், சவுதி. கேப்டன் தமிழ்நாட்டின் முயின் பேக் ஹஃபீஸ். பயிற்சியாளர் அமெரிக்கரான ஸ்காட் ஃப்ளெமிங்.

இந்த ஃப்ளெமிங் பெயர் பழைய ரசிகர்களுக்கு நினைவிருக்கும். 2014 ஜூலையில் வூஹானில் நடந்த தொடரில், சீனாவை அதன் மண்ணிலேயே 65-58 என்று இந்தியா வென்றபோது அணியின் பயிற்சியாளர் இவர்தான்.

ஜித்தாவில் முதல் மேட்சிலேயே ஜோர்டானை ஓவர்டைம் வரை இழுத்தது இந்தியா. 84-91 என்று கைநழுவியது. ஜோர்டான் 2023 உலகக் கோப்பையில் ஆடிய அணி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்தத் தோல்வியின் எடை புரியும். அடுத்து சீனாவிடம் 69-100. சவுதியிடமும் தோல்வி. மூன்றிலும் தோற்று இந்தியா வெளியேறியது.

இந்தத் தொடரின் விதிப்படி, குரூப்பில் முதலிடம் பிடித்தால் நேராகக் கால் இறுதி. இரண்டாம், மூன்றாம் இடம் என்றால் கால் இறுதிக்கு முன் ஒரு பிளே-ஆஃப். நான்காம் இடத்துக்கு மட்டும்தான் வீட்டுக்கு டிக்கெட். மூன்றில் ஒரே ஒரு மேட்ச் ஜெயித்திருந்தால்கூடக் கதை மாறியிருக்க வாய்ப்பு இருந்தது. இறுதிப்போட்டியில் ஆஸ்திரேலியா 90-89 என்று ஒரே ஒரு புள்ளியில் சீனாவை வென்றது.

குலுக்கல்: உத்திரமேரூர்காரர்களுக்கு இது பழைய விஷயம்

எந்த அணி எந்த குரூப் என்று யார் முடிவு செய்வது? குலுக்கல்தான். தரவரிசைப்படி அணிகளைப் பிரித்துப் பானைகளில் போடுவார்கள். ஒவ்வொரு பானையிலிருந்தும் ஒரு அணி ஒவ்வொரு குரூப்புக்குப் போகும். பலமான நான்கு அணிகள் ஒரே குரூப்பில் சிக்கிக்கொள்ளாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. விளையாட்டு உலகில் அந்தப் பாத்திரத்துக்கு ‘பானை’ என்றே பெயர்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்தவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான முறை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அப்படித்தான் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் ஆகியவற்றின் உறுப்பினர்கள் தேர்வானார்கள்.

சுவாரஸ்யம் என்னவென்றால், அந்தக் கல்வெட்டில் குலுக்கலைவிட அதிக இடம் எடுத்துக்கொள்வது தகுதி விதிகள்தான். வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் கால் வேலிக்கு மேல் நிலம். சொந்த மனையில் வீடு. வேதப் பயிற்சி. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினர்களுக்கும் இடமில்லை.

குலுக்கல் என்பது எல்லோருக்கும் சமம். ஆனால் குடத்துக்குள் யாருடைய ஓலை போகலாம் என்பதில்தான் அரசியலே. அன்றைய உத்திரமேரூர் ஒரு பிராமணக் குடியிருப்பின் சபை. நிலமில்லாதவர்கள், பெண்கள், மற்ற சமூகத்தினர் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை. தகுதிச்சுற்று எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: பெயர் குடத்துக்குள் இருக்கிறதா?

இந்தியாவின் ஓலை இந்த முறை உள்ளே இருந்தது. 2025 மே மாதம் தோஹாவில் நடந்த குலுக்கலில், லெபனான், கத்தார், சவுதி அரேபியா ஆகியவற்றோடு ‘டி’ குரூப்பில் இந்தியா விழுந்தது. பயணச் செலவைக் குறைக்கக் கிழக்கு அணிகள் இரண்டு குரூப், மேற்கு அணிகள் இரண்டு குரூப் என்று பிரித்துவிடுவார்கள். இந்தியா மேற்குப் பக்கம். அதனால் சீனா, ஜப்பான், ஆஸ்திரேலியா முதல் சுற்றில் எதிரே வராது.

தரவரிசை எப்படி வருகிறது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கடந்த 8 ஆண்டுகளின் சர்வதேச மேட்ச்களை ஃபிபா கணக்கில் எடுக்கும். யாரை ஜெயித்தீர்கள், எவ்வளவு வித்தியாசத்தில், சொந்த ஊரா வெளியூரா, எந்தத் தொடர் என எல்லாவற்றுக்கும் எடை உண்டு. பலமான அணியிடம் வெளியூரில் குறைந்த வித்தியாசத்தில் தோற்பதும்கூட வீண்போகாது. இந்திய ஆண்கள் அணி 2025-ல் 70-க்கும் 80-க்கும் இடையில் இருந்தது.

கத்தார் 2027: ஆசியாவுக்கு எத்தனை சீட்?

உலகக் கோப்பையில் மொத்தம் 32 அணிகள். பங்கீடு இப்படி:

- ஐரோப்பா: 12
- அமெரிக்கக் கண்டங்கள்: 7
- ஆசியா - ஓஷியானியா: 7
- ஆப்பிரிக்கா: 5
- நடத்தும் நாடு கத்தார்: 1

நடத்தும் நாட்டுக்கு எப்போதும் சீட் இலவசம் என்று நினைக்க வேண்டாம். 2023 உலகக் கோப்பையைப் பிலிப்பைன்ஸ், ஜப்பான், இந்தோனேசியா மூன்றும் சேர்ந்து நடத்தின. ஆனால் இந்தோனேசியாவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: தன் மண்ணில் நடந்த 2022 ஆசியக் கோப்பையில் முதல் 8 இடத்துக்குள் வர வேண்டும். வரவில்லை. ஜகார்த்தாவில் மேட்ச்கள் நடந்தன. இந்தோனேசியா பார்வையாளராக உட்கார்ந்திருந்தது.

ஆசியாவின் 7 இடத்துக்கான பாதை இரண்டு சுற்று.

முதல் சுற்று: 16 அணிகள், 4 குரூப். ஒவ்வொரு அணிக்கும் 6 மேட்ச். முதல் மூன்று இடம் பிடிப்பவை அடுத்த சுற்றுக்கு. கடைசி இடம் மட்டும் அவுட். 2025 நவம்பர் முதல் 2026 ஜூலை வரை மூன்று விண்டோ.

இரண்டாம் சுற்று: 12 அணிகள், 6 பேர் கொண்ட 2 குரூப். முதல் சுற்றின் முடிவுகள் அப்படியே தொடரும். புதிதாக 6 மேட்ச். ஒவ்வொரு குரூப்பிலும் முதல் மூன்று அணிகள், அத்துடன் நான்காம் இடத்தில் சிறந்த ஒரு அணி. மொத்தம் 7. கத்தார் ஏற்கெனவே உள்ளே இருப்பதால், அது பிடிக்கும் இடம் இந்தக் கணக்கில் சேராது.

‘முடிவுகள் தொடரும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் சுற்றில் தட்டுத்தடுமாறி மூன்றாம் இடம் பிடித்தால், அந்தத் தோல்விகளின் சுமையோடுதான் இரண்டாம் சுற்றை ஆரம்பிக்க வேண்டும். அதனால் இந்தியாவின் நிஜமான இலக்கு இப்போதைக்கு ஒன்றுதான்: ‘டி’ குரூப்பில் கடைசி இடத்தைத் தவிர்த்து இரண்டாம் சுற்றுக்குள் நுழைவது. முதல் விண்டோவில் எதிரணி சவுதி அரேபியா. ஜித்தாவில் தோற்ற அதே அணி. அந்த இரண்டு மேட்ச்கள்தான் மூன்றாம் இடத்துக்கான சண்டையின் பெரும்பகுதி.

ஒலிம்பிக்? அது இன்னும் குறுகலான வாசல்

ஒலிம்பிக் 5 பேர் கூடைப்பந்தில் 12 அணிகள் மட்டுமே. 2024 பாரிஸுக்கு, 2023 உலகக் கோப்பையில் ஆசிய நாடுகளில் முன்னிலை பெற்ற ஒரே ஒரு அணிக்குத்தான் நேரடி இடம். அதை ஜப்பான் பிடித்தது. மற்றவர்கள் தனித் தகுதித் தொடர்களில் மல்லுக்கட்ட வேண்டும்.

இந்திய ஆண்கள் அணி ஒரே ஒரு ஒலிம்பிக்கில் ஆடியிருக்கிறது. 1980, மாஸ்கோ. அதற்கு முந்தைய ஆண்டு ஆசியப் போட்டியில் சீனா, ஜப்பான், தென் கொரியா, பிலிப்பைன்ஸ் முதல் நான்கு இடம், இந்தியா ஐந்தாவது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து அந்த நான்கு நாடுகளும் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. வாய்ப்பு வரிசையில் இறங்கி இந்தியாவிடம் வந்தது. ஆடிய 7 மேட்சிலும் தோல்வி. ஆனாலும் அதன் பிறகு அந்த வாசலை இந்தியா நெருங்கவே இல்லை.

யார் ஆடலாம்? பாஸ்போர்ட் கணக்கு

இந்தியா பின்தங்குவதற்கு அதிகம் பேசப்படாத ஒரு காரணம் இங்கே இருக்கிறது.

ஃபிபா விதிப்படி ஒரு நாட்டுக்கு ஆட அந்த நாட்டின் பாஸ்போர்ட் வேண்டும். 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை வாங்கியவர் என்றால், ஒரு அணியில் அப்படி ஒருவர் மட்டும் இருக்கலாம். இந்த ஒரு இடத்தைப் பல நாடுகள் திறமையாகப் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவில் பிறந்த ஜஸ்டின் பிரவுன்லீக்கு, 2023-ல் பிலிப்பைன்ஸ் தனிச் சட்டமே இயற்றிக் குடியுரிமை தந்தது.

இந்தியாவில் இது நடக்காத காரியம். இரட்டைக் குடியுரிமை இங்கே இல்லை. ஓசிஐ அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினர் நாட்டுக்காக ஆட முடியாது என்பது 2008 முதல் மத்திய அரசின் கொள்கை. இயல்பான வழியில் குடியுரிமை பெற சுமார் 12 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் கல்லூரிக் கூடைப்பந்து ஆடும் இந்திய வம்சாவளி இளைஞர்கள் இருக்கிறார்கள். நீல ஜெர்சி அணிய வேண்டுமென்றால் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை விட வேண்டும்.

இதில் இரண்டு பக்க நியாயமும் உண்டு. கதவைத் திறந்தால் அணி உடனே பலமாகும். திறக்காவிட்டால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அந்த 12 இடமும் மிச்சமாகும். ஆனால் இரண்டாவது வாதம் செல்லுபடியாக, உள்ளூர்ப் பிள்ளைகளை வளர்க்கும் ஏணி உறுதியாக இருக்க வேண்டும்.

பெண்கள் அணிக்கு வேறு ரூட்

பெண்கள் ஆசியக் கோப்பையில் ‘ஏ’ பிரிவு, ‘பி’ பிரிவு என்று இரண்டு அடுக்கு. ‘ஏ’-வில் 8 அணிகள். ‘பி’-யில் சாம்பியன் ஆனால் மேலே. ‘ஏ’-வில் கடைசி என்றால் கீழே. 2017-ல் பெங்களூருவில் நடந்த ‘பி’ பிரிவு இறுதிப்போட்டியில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று இந்தியா மேலே ஏறியது. 2021-ல் அம்மானில் கடைசி இடம் பிடித்து மீண்டும் கீழே இறங்கியது. உலகக் கோப்பை, ஒலிம்பிக் பாதை ‘ஏ’ பிரிவிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால், ‘பி’-யில் இருக்கும்வரை அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இந்தப் பாதையில் தமிழ்நாட்டின் பெரிய பெயர் அனிதா பால்துரை. சென்னைப் பெண். 19 வயதிலேயே இந்திய அணியின் கேப்டன். 2021-ல் பத்மஸ்ரீ.

உத்திரமேரூரில் இருந்து நேரு ஸ்டேடியம் வரை

நாடு தகுதி பெறுவது ஒரு கதை. ஒரு பிள்ளை அந்த அணிக்குத் தகுதி பெறுவது இன்னொரு கதை. உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவியோ மாணவனோ இந்திய ஜெர்சி போட என்ன வழி?

பள்ளி வழி: பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள். முதலில் குறுவட்டம், பிறகு மாவட்டம், பிறகு மாநிலம். அங்கிருந்து தேசியப் பள்ளி விளையாட்டுகள்.

முதலமைச்சர் கோப்பை: பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு எனத் தனித்தனியாக மாவட்ட அளவில் தொடங்கும். கூடைப்பந்தும் உண்டு. பள்ளி அணியில் இல்லாதவர்களுக்கும் பொதுப்பிரிவு ஒரு வாசல்.

விளையாட்டு விடுதி: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேரத் தேர்வு நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் ஆணையத்தின் பொறுப்பு. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே வாழ்க்கையைத் திருப்பிப்போடும் படி இதுதான்.

சங்க வழி: மாவட்டக் கூடைப்பந்துச் சங்கம், மாநில அணி, தேசிய சாம்பியன்ஷிப், அங்கிருந்து தேசிய முகாம். முகாமில் பலர் இருப்பார்கள். மேட்சுக்கு 12 பேர்.

காகிதத்தில் ஏணி முழுசாக இருக்கிறது. பிரச்சினை முதல் படியில். கைப்பந்துக்கு இரண்டு கம்பும் ஒரு வலையும் போதும். கபடிக்கு மண் போதும். கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் சமதளம் வேண்டும். 3.05 மீட்டர் உயரத்தில், ஆடாத அசையாத வளையம் வேண்டும். அதுவும் சிமென்ட் தரையில் பழகிய கால்களுக்கு, உள்ளரங்க மரத்தரை முதல்நாளே வேறு விளையாட்டாகத் தெரியும். தமிழ்நாட்டுக் கூடைப்பந்து நீண்ட காலமாகச் சென்னை, கோவை போன்ற நகரங்களையும், சில பெரிய பள்ளி, கல்லூரிகளையும் சுற்றியே வளர்ந்ததற்கு இது முக்கியக் காரணம். உயரமான ஒரு பிள்ளை கிராமத்தில் இருந்தால், வளையத்தைப் பார்ப்பதற்கு முன்பே கைப்பந்துக்கோ கபடிக்கோ போய்விடும்.

வேலை வாய்ப்பும் இதில் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு உண்டு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ரயில்வே போன்றவை அணிகள் வைத்திருக்கின்றன. ஒரு குடும்பம் பிள்ளையைக் கூடைப்பந்துக்கு அனுப்பலாமா, வேண்டாமா என்று யோசிக்கும்போது உலகக் கோப்பை கண்முன் வருவதில்லை. ‘இதை வச்சு வேலை கிடைக்குமா?’ என்பதுதான் கேள்வி. அதற்கு ‘கிடைக்கும்’ என்று சொல்ல முடிந்தால்தான் ஏணியில் கூட்டம் சேரும்.

3×3: குறுக்குவழி உண்டா?

ஓரளவுக்கு உண்டு. மூன்று பேர் ஆடும் கூடைப்பந்துக்கு ஒரே ஒரு வளையமும் பாதி கோர்ட்டும் போதும். 10 நிமிடம் அல்லது முதலில் 21 புள்ளி. எது முதலில் வருகிறதோ அதோடு ஆட்டம் முடிந்தது. டோக்கியோ முதல் இது ஒலிம்பிக் விளையாட்டு.

இதில் தரவரிசை முறையே வேறு. ஃபிபாவில் பதிவான தொடர்களில் ஆடும் ஒவ்வொரு வீரருக்கும் தனிப்பட்ட புள்ளி சேரும். அந்தப் புள்ளிகளின் கூட்டுத்தொகையிலிருந்துதான் நாட்டின் இடம் வரும். ஒரு சிறு நகரத்தில் நடக்கும் தொடர்கூட, முறையாகப் பதிவு செய்யப்பட்டால், இந்தியாவின் கணக்கில் ஏறும். இடமும் பணமும் குறைவாக உள்ள பள்ளிகள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து எதைக் கவனிக்கலாம்?

- நவம்பர் 2025 விண்டோ: சவுதியோடு இரண்டு மேட்ச். ஜெயித்தாரா, தோற்றாரா என்பதோடு வித்தியாசம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். மூன்றாம் இடச் சண்டையில் அந்த எண் திரும்ப வரும்.
- 2026 பிப்ரவரி - மார்ச், ஜூலை விண்டோக்கள்: கத்தார், லெபனான் மேட்ச்கள். இந்த குரூப்பில் லெபனான்தான் பெரிய தலைவலி.
- 2026 ஜூலை முடிவில்: ‘டி’ குரூப்பில் இந்தியா மூன்றாவதா, நான்காவதா என்று தெரிந்துவிடும். மூன்றாவது என்றால் இன்னும் 6 மேட்ச் கையில். நான்காவது என்றால், அடுத்த ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றிலிருந்து மறுபடி முதல் படி.

சொந்த மண்ணில் நடக்கும் மேட்ச்களுக்கு டிக்கெட் கிடைத்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். உத்திரமேரூரிலிருந்து சென்னை சுமார் 90 கி.மீ. பள்ளி அணியில் ஆடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கையோடு அழைத்துப்போங்கள். டிவியில் பார்ப்பதற்கும், மரத்தரையில் ஷூ உரசும் சத்தத்தைப் பக்கத்தில் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.